ஓர் ஓபோ, ஒரு கீறல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தப் பருவத்தில் விருப்பப் பாடமாக மேற்கத்தியச் செவ்வியல் இசை ரசனையை எடுத்திருக்கிறேன். நான் படிப்பது இயற்பியல். எந்த வாத்தியமும் கற்றவனல்ல. பாடத்திட்டத்தில் மொத்தம் 40 படைப்புகள். தேர்வில் ஏதாவது ஒன்றிலிருந்து 20 விநாடித் துணுக்கை ஒலிக்கவிடுவார்கள். இயற்றியவர் யார், எந்தப் படைப்பு, எத்தனையாவது பகுதி, வடிவத்தில் எந்த இடம் என்று எழுத வேண்டும். முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடிக்க நேரம் போதாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து, திரும்ப வரும் பகுதிகளைத் தாண்டிக் கேட்கிறேன். உடன் படிப்பவர்கள் சிலர் சிறுவயதிலேயே பியானோ கற்றவர்கள். எனக்கு இசைக்கான காதே இல்லையோ என்று தோன்றுகிறது. பாடத்தை விட்டுவிடலாமா?

சில சந்தேகங்களும் உண்டு. இசைமேதைகளின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால்தான் இசை புரியுமா? ஒரே படைப்புக்கு நூறு ஒலிப்பதிவுகள் இருக்கின்றனவே, எதைக் கேட்பது? பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது தவறா?

கடைசியாக ஒன்று. ஒரு நாள் வேகத்தைக் கூட்ட மறந்துவிட்டு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். முதல் பகுதியில், அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே எல்லாம் நின்று, ஓபோ என்ற ஒரே ஓர் ஊதுகருவி மட்டும் ஏதோ சொல்கிறது. வகுப்பில் தந்த அட்டவணையில் அந்த இடம் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது ஏன் அங்கே வருகிறது?

ச.

அன்புள்ள ச.,

கடைசிப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தீர்களென்றால் உங்கள் கடிதத்தை நான் எடுத்து வைத்திருக்க மாட்டேன். இசையில் ஒன்று திரும்பி வரும்போது கேட்பவருக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். ஒரு மாதமாக அது பாதியில் நிற்கிறது. உங்கள் ஓபோ சரியாக அந்தப் பாதியில் வந்து கதவைத் தட்டியது.

முதலில் சில்லறைகளைத் தள்ளிவிடுகிறேன். வாழ்க்கை வரலாறு பிடித்தால் படியுங்கள். படிக்காவிட்டால் காது குறைந்துவிடாது. ஒலிப்பதிவு, கையில் எது கிடைக்கிறதோ அது. கைதட்டல் விஷயம்: 1778-இல் பாரிஸில் மொசார்ட்டின் சிம்பொனி ஒன்று அரங்கேறியது. முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஓரிடத்தில் கைதட்டியது. அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று அவர் பூரிப்போடு அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். இன்றைய அரங்கில் எல்லோரும் அமைதி காக்கிறார்கள் என்றால் நீங்களும் காத்துவிட்டுப் போங்கள். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உங்களுக்கு இசைக்கான காது இல்லை என்று யார் சொன்னது? நடந்துகொண்டிருந்தவரை வேறு எது பிடித்து நிறுத்தியது? பியானோ கற்ற நண்பர்களிடம் அந்த இடத்தில் அவர்கள் நின்றார்களா என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தது உண்மை. அதற்கு மருந்து வேறு, சொல்கிறேன். ஆனால் இந்தத் தன்னிரக்கத்தை அடுத்த கடிதத்தில் பார்த்தால் பதில் எழுத மாட்டேன்.

ஓபோவுக்கு வருவோம். அந்தச் சிம்பொனியின் தொடக்கம் உங்களுக்குத் தெரியும்: மூன்று குறுஞ்சுரங்கள், ஒரு நெடுஞ்சுரம். மறுபடியும் அதே. பிறகு ஓட்டம். கொஞ்ச தூரம் ஓடியதும் இசைக்குழு முழுவதும் சட்டென்று நிற்க, முதல் வயலின்கள் மட்டும் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு விநாடி இருக்கலாம். உடனே மறுபடியும் பாய்ச்சல். இந்த நிறுத்தத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். யாருமே முதல் தடவை கவனிப்பதில்லை. சில நிமிடங்கள் கழித்து, அந்த நான்கு சுரங்களை உடைத்து, தேய்த்து, இரண்டாக்கி, ஒன்றாக்கி, மூச்சே அடங்கிவிடும் என்கிற நிலைக்குக் கொண்டுபோன பிறகு, தொடக்கம் திரும்பி வருகிறது. எல்லாம் பழையபடி நடக்கிறது. அதே நிறுத்தமும் வருகிறது. வயலின்கள் தனித்து நின்ற இடத்தில் இப்போது ஓர் ஓபோ நிற்கிறது. நின்றதோடு விடாமல், தாளத்தைக் கைவிட்டு, தனக்குள் பேசிக்கொள்வதுபோல மெல்ல இறங்கி வருகிறது. அது முடிந்ததும், ஒன்றுமே நடக்காததுபோலக் குழு விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.

அடுத்த முறை கேட்கும்போது அந்த இடத்துக்குச் சற்று முன்பிருந்தே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தந்தி வாத்தியங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அதே ஓபோ அடக்கமான குரலில் தனியாக ஒரு மெட்டை இழுத்துக்கொண்டு உடன் வரும். தொடக்கத்தில் இந்த மெட்டு கிடையாது. ஆகவே அது திடீரென்று முளைத்த குரல் அல்ல. கூடவே நடந்து வந்த ஒருவர்; மற்றவர்கள் நின்றபோதுதான் அவர் இருப்பது நமக்குத் தெரிகிறது.

ஏன் என்று கேட்கிறீர்கள். பீத்தோவன் விளக்கம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எனக்குப் படுவது இது: முதல் தடவை அந்த நிறுத்தத்தில் வெறும் காத்திருப்பு இருந்தது, இரண்டாம் தடவை அதே காத்திருப்புக்குள் ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் முதல் நிறுத்தம் எங்கோ அடிமனத்தில் தங்கியிருப்பவருக்குத்தான் இரண்டாவது இப்படிக் கேட்கும். உங்களுக்குத் தங்கியிருக்கிறது. ஒரு நாள் மறந்துபோய் முழு நேரமும் கேட்டதால் தங்கியது.

இப்போது அந்த ஒன்றரை மடங்கு வேகத்தைப் பேசியே ஆக வேண்டும். இயற்பியல் மாணவர்தானே, கணக்குப் பாருங்கள். ஐந்தாம் சிம்பொனி ஏறத்தாழ 33 நிமிடம். ஒன்றரை மடங்கில் உங்களுக்கு மிச்சமாவது 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தைக் கொண்டு என்ன செய்தீர்கள்? சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதி இருக்கிறது, ஆகவே ஒன்றும் கெடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மீட்டிய தந்தியின் ஒலி அரங்கில் தேய்ந்து மறைய ஆகும் நேரம் கெட்டது. மௌனங்கள் கெட்டன. இந்தச் சிம்பொனியின் முதல் ஓசைக்கும் முன்னால், இசைக்குறிப்பில், ஒரு சிறு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. படைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. காலத்தால் செய்த ஒரு பொருளின் காலத்தை மூன்றில் ஒரு பங்கு வெட்டி எறிந்துவிட்டு, அது பிடிபடவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். ஓவியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டுப் பார்ப்பீர்களா?

திரும்ப வரும் பகுதிகளைத் தாண்டுவது அதைவிடப் பெரிய குற்றம். 1808 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வியன்னாவில் இந்தச் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது. கதகதப்பூட்ட வழியில்லாத அரங்கம், கடும் குளிர், ஏறக்குறைய நான்கு மணி நேர நிகழ்ச்சி. அதே இரவில்தான் ஆறாம் சிம்பொனியும், வியன்னா மக்கள் முன் நான்காம் பியானோ கான்செர்ட்டோவும். ஐந்தாம் சிம்பொனி வந்தது இடைவேளைக்குப் பிறகு. போதிய ஒத்திகையும் இல்லை. கடைசிப் படைப்பு நடுவில் குழம்பி, நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. அங்கே குளிரில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒலிப்பதிவு என்ற ஒன்று கனவில்கூடக் கிடையாது. இந்த இசை மறுபடி எப்போது காதில் விழும் என்று அவருக்குத் தெரியாது. விழாமலேயேகூடப் போகலாம். அந்த மனிதருக்காகத்தான் பீத்தோவன் முதல் 124 தாளக்கட்டங்களையும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் குறியிட்டார். ஏறக்குறைய ஒன்றரை நிமிட இசை, இரண்டு தடவை. கேட்பவருக்கு ஒரு நினைவைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகே அந்த நினைவை வைத்து விளையாடத் தொடங்குகிறார். நீங்கள் தாண்டியது அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான். நினைவைக் கொடுக்கும் இடத்தைத் தாண்டிப்போனவருக்கு அதன்பின் நடக்கும் ஒவ்வொன்றும் வெறும் சத்தமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

உங்கள் வகுப்பு அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. முதல் மெட்டு, இரண்டாம் மெட்டு, வளர்ச்சி, மீள்வருகை என்ற பெயர்கள் விரல் நீட்டிக் காட்ட உதவும். ஆனால் சொனாட்டா வடிவம் என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் இலக்கணத்தைத் தொகுத்து நிலைபெறச் செய்தவர்களில் முக்கியமானவர் அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸ் என்ற ஜெர்மானிய இசையறிஞர். பீத்தோவன் இறந்த பிறகு எழுதியவர். 1808-இல் அந்தக் குளிரில் இருந்த எவர் கையிலும் அட்டவணை இல்லை. எத்தனையாவது நிமிடத்தில் எது வரும் என்று பார்த்துக்கொண்டே கேட்கும்போது நீங்கள் காதால் சரிபார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அட்டவணையில் ஓபோ இல்லாதது அதைத் தயாரித்தவரின் பிழையல்ல. வடிவத்தின்படி அந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை.

நானும் இப்படி ஒரு பாடத்தில் உட்கார்ந்தவள்தான். அப்போது இசைத்தட்டு. ஆசிரியர் தட்டின் மேல் எங்காவது ஊசியை வைப்பார், கொஞ்ச நேரம் ஓடும், எடுத்துவிடுவார், நாங்கள் எழுத வேண்டும். கேட்பதற்கென்று ஒரு சிறிய அறை. இரண்டு ஹெட்போன்கள், ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே ஒரு தட்டு. மற்றவர்கள் பட்டியலை முடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஐந்து தந்தி வாத்தியங்களுக்காக ஷூபர்ட் எழுதிய சி மேஜர் ஐவரிசையில் சிக்கிக்கொண்டேன். அதன் இரண்டாம் பகுதியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நடுவிலுள்ள மூன்று வாத்தியங்கள் நீண்ட சுரங்களால் ஒரு மெட்டை நகர்த்துகின்றன. நகர்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக. மேலே முதல் வயலின் சிறுசிறு சொற்களாக ஏதோ கேட்கிறது. கீழே இரண்டாம் செல்லோ விரலால் சுண்டிப் பதில் சொல்கிறது. இசை நிற்கும் சுருதி ஈ மேஜர். பிறகு அரைச்சுரம் மட்டுமே மேலே உள்ள எஃப் மைனருக்குள் எல்லாம் விழுந்து குமுறுகிறது. குமுறல் ஓய்ந்ததும் பழைய மெட்டு திரும்புகிறது. இம்முறை வயலினும் செல்லோவும் அதைச் சுற்றி அலைந்துகொண்டே இருக்கின்றன. நடந்ததை மறக்க முடியாதவர்களைப்போல. 1828-இல் இதை முடித்தார். அந்த நவம்பரில் இறந்தார், வயது 31. முதல் பொது அரங்கேற்றம் 1850-இல்.

அந்த ஒரு பகுதியை நான் அறுபது தடவையாவது கேட்டிருப்பேன். தட்டில் ஒரு கீறல் இருந்தது. முடிவுக்குச் சற்று முன்னால் ஊசி துள்ளி, சில சுற்றுகளைத் தாண்டி, கடைசி ஒலிக்கு வந்து விழும். அந்தத் துள்ளல் எனக்குப் பழகிப்போயிற்று. குமுறலெல்லாம் அடங்கி, அமைதியில் போய் முடியும் இசை என்று நான் அதை அறிந்திருந்தேன்.

தேர்வு நாளில் ஆசிரியர் தம்முடைய சொந்தத் தட்டைக் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது கேள்வி. ஊசியை வைத்தார். எஃப் மைனரில் ஒரு குமுறல் கிளம்பி எழுந்து, விழுந்துவிடும் என்று தோன்றிய கணத்தில் ஈ மேஜருக்குள் அடங்கியது. அடங்கிய அந்தக் கடைசி ஒலி எனக்குத் தெரியும். என் அறையின் ஒலி. ஆனால் அதற்கு முன்னால் வந்ததை என் வாழ்நாளில் கேட்டதே இல்லை. அவ்வளவு தூரம் கடந்து வந்த பிறகு, கடைசி மூன்று தாளக்கட்டங்களுக்குள் அந்தப் பழைய துயரம் மறுபடி எழுந்து நின்றுவிட்டுப் போகிறது என்பதை என்னிடமிருந்து ஒரு கீறல் மறைத்து வைத்திருந்தது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. அந்தக் கேள்விக்கு என் தாளில் எதுவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

பாடத்தை விடாதீர்கள். பட்டியலில் நான்கே நான்கைத் தேர்ந்தெடுத்து, முழு வேகத்தில், எதையும் தாண்டாமல், நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். கையில் வேறு வேலை வேண்டாம், நடை வேண்டுமானால் இருக்கட்டும். மீதி 36-க்குப் பெயர்களை நெட்டுருப் போட்டுத் தேர்வை எழுதிவிடுங்கள், தேறிவிடுவீர்கள்.

அன்று தேர்வு முடிந்ததும் நான் நேராக அந்தச் சிறிய அறைக்குப் போனேன். அதே தட்டை எடுத்து வைத்து, இரண்டாம் பகுதியை முதலிலிருந்து கேட்டேன். முடிவு நெருங்கியது. ஊசி துள்ளியது. எழுபது, எண்பது தடவை கேட்ட அந்தச் சிறிய 'டக்' சத்தத்தில், இப்போது அந்தக் குமுறல் முழுவதும் எனக்குக் கேட்டது.