“இன்னும் இருபது நாளில் முட்டை!” – கோழி வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: பங்குனி ஆரம்பத்தில் மினி வேனில் கோழி விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஆறு நாட்டுக்கோழிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோ சுமாருக்கு இருக்கும். ஒன்று 400 ரூபாய். “எல்லாமே பெட்டைதான்க்கா, இன்னும் இருபது நாள்ல முட்டை வெச்சிரும்” என்றார். இப்போது வைகாசி முடியப்போகிறது. ஒரு முட்டைகூட இல்லை. ஆறில் ஒன்று கூவவே ஆரம்பித்துவிட்டது. “அடிச்சுக் குழம்பு வெச்சிரலாம்” என்கிறார் வீட்டுக்காரர். ஏமாந்துவிட்டேனா? — வாசகி, தாராபுரம்

பதில்: கூவுகிறவனை அவர் விருப்பப்படியே குழம்பு வைத்துவிடுங்கள். மற்ற ஐந்தின் மேல் கை வைக்க வேண்டாம்.

ஏமாந்தது உண்மைதான். ஆனால் கோழி உங்களை ஏமாற்றவில்லை, அதன் வயதைச் சொன்னவர்தான் ஏமாற்றினார். நம் ஊரில் சிறுவிடை என்று சொல்லும் சின்ன உடம்பு நாட்டுக்கோழி சுமார் மூன்று மாதத்தில்தான் அரைக் கிலோவைத் தாண்டும். நீங்கள் வாங்கியபோது அவற்றுக்கு அந்த வயதுதான் இருந்திருக்கும். சிறுவிடை முதல் முட்டை இடுவது பெரும்பாலும் ஆறாவது மாதத்தை ஒட்டி. ஆக, வேன்காரர் சொன்ன இருபது நாளுக்கு அன்றைக்கே வழியில்லை. இப்போது அவை ஐந்தரை, ஆறு மாதத்தில் நிற்கின்றன. இத்தனை நாள் தீனி போட்டுவிட்டு, முட்டைக்கு முந்தின வாரம் சட்டியில் போடுவதுதான் பெரிய நட்டம்.

எல்லாக் கோழிக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்காகவே வளர்க்கும் வெள்ளை லேயர் கோழி 18 முதல் 20 வாரத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். முட்டைக்காக ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்ரியாவுக்கு ஐந்தரை மாதம். வனராஜாவும் கருங்கோழி என்று நாம் சொல்லும் கடக்நாத்தும் ஆறு மாதத்தை ஒட்டி வரும். சண்டைச் சேவல் வம்சமான பெருவிடைக்கு ஏழு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தெருவில் வருகிறவர் இது அத்தனைக்கும் “நாட்டுக்கோழி” என்ற ஒரே பெயரைச் சொல்லி, ஒரே தேதியையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

உங்கள் ஐந்தும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை நீங்களே பார்த்துவிடலாம். முதலில் கொண்டையையும் தாடியையும் பாருங்கள். வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னதாக இருந்தால் இன்னும் நாளாகும். இரத்தச் சிவப்பாகிப் பளபளவென்று தடித்திருந்தால் நெருங்கிவிட்டது. அடுத்து, முதுகில் கையை வைத்துப் பாருங்கள். இளசு துள்ளி ஓடும். முட்டைக்கு வந்த விடைக்கோழி, அதாவது இளம் பெட்டை, ஓடாமல் இறக்கையை லேசாக விரித்து அப்படியே அமரும். அமர ஆரம்பித்த கோழி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முட்டை வைத்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் கோழியைத் தூக்கி, ஆசனவாய்க்கு இரு பக்கமும் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பு நுனிகளை விரலால் தொட்டுப் பாருங்கள். நடுவே ஒரு விரல் நுழையவே இடமில்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டைக்கான வழி திறந்துவிட்டது. இதோடு ஒரு மூலையை விட்டு இன்னொரு மூலைக்கு அலைந்துகொண்டு கேரவும் ஆரம்பித்தால் கூடையில் வைக்கோல் போட்டுத் தயாராக இருங்கள்.

வெயிலும் ஒரு காரணம். சித்திரை, வைகாசியில் கோழி தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குமே தவிர, தீனி சரியாக எடுக்காது. தீனி குறைந்தால் முட்டை தள்ளிப்போகும். மண்பானைத் தண்ணீரும் நல்ல நிழலும் கொடுத்து, தீனியை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள். பல்பு போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கோழிக்கு 14 மணி நேர வெளிச்சம் இருந்தால் முட்டை கூடும் என்பது சரி. நம் பக்கத்தில் வருஷத்திலேயே நீண்ட பகல் 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான் வரும், மார்கழியில் பதினொன்றரை மணி. அதை வைத்துக்கொண்டே நம் பாட்டிமார் முட்டை எடுத்தார்கள். ஐந்து கோழிக்காகக் கரண்ட் பில் ஏற்ற வேண்டாம். அதிலும் ஐந்து மாதம் ஆகாத குஞ்சுக்கு வெளிச்சத்தைக் கூட்டினால், உடம்பு முற்றும் முன்பே முட்டைக்கு வந்து முட்டைக்குழாய் வெளியே தள்ளிவிடவும் கூடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முட்டை வைக்கவில்லையா, வைத்தது உங்கள் கண்ணில் படவில்லையா? அவிழ்த்துவிட்ட கோழி விறகு அடுக்கின் பின்னாலோ வைக்கோல்போர் இடுக்கிலோ திருட்டுத்தனமாக வைத்துக்கொண்டே போகும். கிராமத்தில் காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, விரலால் தொட்டுப் பார்த்து, முட்டை இருப்பதை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மற்றதை வெளியே விடுவார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வாரம் எல்லாவற்றையும் பதினோரு மணி வரை அடைத்து வைத்தாலே விஷயம் தெரிந்துவிடும். முட்டை கிடைத்தால், கூடையில் ஒன்றை மட்டும் எடுக்காமல் விட்டுவையுங்கள். அடுத்த நாளும் அங்கேயே வரும்.

பணத்தைப் பற்றிக் கேட்டால், மூன்று மாதக் கோழிக்கு ஐந்து மாதக் கோழியின் விலையைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் ஒரு கோழிக்கு நாளைக்கு 60, 70 கிராம் என்று நீங்கள் போட்ட தீனி சுமார் நான்கு கிலோ. அதுவும் ஒரு பெட்டை சேவலாகிப் போனதும்தான் உங்கள் நட்டம். அடுத்த முறை “எப்போது முட்டை வைக்கும்?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லா வியாபாரியும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார். “குஞ்சு பொரித்த தேதி என்ன?” என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரிடம் இத்தனை மாதக் கோழி என்று விலை பேசாதீர்கள், எடைக்கு என்ன விலையோ அதை மட்டும் பேசுங்கள்.

கேள்வி: நாலரை மாத விடைக்கோழிகள் எட்டு இருக்கின்றன. தீவனக் கடையில் “இப்பவே லேயர் தீவனம் போடுங்க, கூட இந்த கால்சியம் டானிக்கும் கொடுங்க, சீக்கிரம் முட்டைக்கு வந்துரும்” என்கிறார்கள். வாங்கலாமா? — வாசகர், செங்கல்பட்டு

பதில்: இப்போது இரண்டுமே வேண்டாம். லேயர் தீவனத்தில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். அது தினமும் ஓடு கட்டுகிற கோழிக்கான அளவு. வளர்கிற கோழிக்கு ஒரு சதவீதமே போதும். ஓடு கட்டாத உடம்பில் மிச்சமாகும் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேயர் தீவனம் போடுவதால் முட்டை ஒரு நாள்கூட முந்தி வராது. கொண்டை நன்றாகச் சிவக்கும் வரை, அல்லது முதல் முட்டையைப் பார்க்கும் வரை, வளர்கிற கோழிக்கான குரோயர் தீவனமே போடுங்கள். பிறகு லேயருக்கு மாற்றலாம். டானிக்குக்குப் பதிலாகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். எந்தக் கோழிக்கு வேண்டுமோ அது வந்து கொத்திக்கொள்ளும்.

மூட்டை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். எட்டு கோழிக்கு 50 கிலோ மூட்டை இரண்டு மாதத்துக்கு மேல் வரும். மழைக்காலத்தில் அதற்குள் கட்டி பிடித்துப் பூஞ்சை வாடை வந்துவிடும். பூஞ்சை பிடித்த தீவனம் முட்டையை மட்டுமல்ல, ஈரலையும் கெடுக்கும். சில்லறையில் பத்து கிலோ வாங்குங்கள், கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

வீட்டுத் தீனியே போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோறும் குருணையும் மட்டும் தின்று வளரும் கோழி முட்டைக்குத் தாமதமாகத்தான் வரும். அரிசியில் புரதம் ஏழெட்டு சதவீதம்தான், வளரும் கோழிக்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு. கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேருங்கள், கீரை போடுங்கள், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா செடியை வளர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. செலவே இல்லாத வழி கரையான். பழைய பானையில் கந்தல் சாக்கையும் காய்ந்த சாணியையும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவிடுங்கள். காலையில் பானையை எடுத்து உதறினால் கோழிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிவரும்.

கேள்வி: வாரச் சந்தையில் “முட்டை வைக்கிற நாட்டுக்கோழி” என்று சிவப்புக் கோழிகள் நான்கு வாங்கினேன். அலகு நுனி மழுங்கி இருக்கிறது. ஏதாவது நோயா? — வாசகி, திண்டுக்கல்

பதில்: நோய் இல்லை. பண்ணையில் அலகு வெட்டிய கோழி அது. நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கச் சின்ன வயதிலேயே நுனியைச் சுட்டுவிடுவார்கள். வீட்டில் வளர்ந்த நாட்டுக்கோழிக்கு அலகு வெட்ட யாருக்கும் வேலை இல்லை. சிவப்பு நிறமும் வெட்டிய அலகும் சேர்ந்தால் அது பழுப்பு முட்டைக்கான கலப்பின லேயர். பெரும்பாலும் ஒன்றரை வயது தாண்டி, பண்ணைக்குக் கட்டுப்படியாகாமல் கழித்துவிட்டது.

காலைப் பாருங்கள். இந்த இனத்துக்கு இளமையில் கால் மஞ்சளாக இருக்கும். முட்டையிட இட அந்த மஞ்சள் வெளுக்கும். வெளுத்த கால், சொரசொரப்பான செதில், தேய்ந்த வால் இறகு என்றால் நிறைய முட்டை ஏற்கெனவே போய்விட்டது. நல்ல தீனியும் ஓய்வும் கிடைத்தால் இறகு உதிர்த்து முளைத்த பின் இன்னும் கொஞ்ச காலம் முட்டை தரும், ஆனால் நீங்கள் கொடுத்த விலைக்குத் தராது. பழுப்பு ஓடு இருந்தாலே நாட்டு முட்டை என்று நம்பி இரட்டை விலை கொடுப்பவர்களும் இந்தக் கோழியின் முட்டையைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது அல்ல.

கேள்வி: நல்ல கோழி எங்கே வாங்குவது? ஏமாந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா? — வாசகர், விழுப்புரம்

பதில்: முட்டைதான் முக்கியம் என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கல்லூரியிலும் மாவட்டங்களில் உள்ள அதன் பயிற்சி மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் முதலில் கேளுங்கள். எப்போதும் குஞ்சு இருக்காது, போன் செய்து பதிவு பண்ணிவிட்டுப் போக வேண்டும். அங்கே பொரித்த தேதியும் இனமும் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் குஞ்சில் பெட்டை எது, சேவல் எது என்று நமக்குத் தெரியாது. பாதி சேவல் என்று கணக்குப் போட்டே வாங்குங்கள். அது வேண்டாமென்றால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்குங்கள். அந்த வயதில் சேவலுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் இறகு கூராக நீண்டு மினுமினுக்கும், கால் தடித்திருக்கும். பெட்டையின் இறகு நுனி உருண்டையாகவே இருக்கும்.

தனியாரிடம் வாங்கினால் பில்லில் நான்கு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: இனம், பொரித்த தேதி, பெட்டை எத்தனை, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது. கடைசியில் சொன்னதை யாரும் கேட்பதில்லை. தடுப்பூசி போடாத ஒரு கோழி வந்து, வீட்டில் இருந்த அத்தனையும் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டிவையுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அசையும் பொருள் எல்லாமே பொருள்தான். கோழியும் அதில் அடக்கம். வீட்டுக்கு வாங்கினாலும் சரி, சொந்தப் பிழைப்புக்காகச் சின்ன அளவில் வளர்த்தாலும் சரி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்தான்) புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். ஆனால் பில்லும் முகவரியும் இல்லாத வேன்காரர் மேல் எப்படி நோட்டீஸ் அனுப்புவது? ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பினால் பெயராவது கையில் இருக்கும். நாலைந்து கோழிக்காக ஆணையத்துக்கு நடப்பதைவிட, வாங்கும் நாளில் கால் மணி நேரம் கூடுதலாகப் பார்ப்பது மேல் என்பேன்.

கேள்வி: “குஞ்சும் தீவனமும் தருகிறோம், முட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம்” என்று ஒரு நிறுவனம் முன்பணம் கேட்கிறது. சேரலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: 2012-இல் பெருந்துறைப் பக்கம் இதே மாதிரி ஈமு கோழித் திட்டத்தில் போட்ட பணத்தை இழந்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கோழி முட்டை வைக்கும் முன்பே மாதப் பணம் வருகிறதென்றால், அது முட்டை விற்ற பணமாக இருக்க முடியாது. அடுத்துச் சேர்ந்தவரின் முன்பணமாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஆறு மாதம் காத்திருந்து வந்த முதல் முட்டைக்கு ஓடே இல்லை, தோல் மட்டும்தான். இரண்டாவது கோலிக்குண்டு அளவு. கோழியைத் திருப்பிக் கொடுக்கவா? — வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். புதிதாக முட்டைக்கு வந்த கோழிக்கு முதல் சில முட்டை தோல்முட்டையாகவும் சிறிதாகவும் வருவது சகஜம். சில சமயம் கருவே இருக்காது, சில சமயம் இரட்டைக் கரு இருக்கும். லேயர் தீவனத்துக்கு மாற்றி, கிளிஞ்சல் தூள் வைத்து மூன்று வாரம் பாருங்கள். அதன் பிறகும் தோல்முட்டையே வந்தால் ஒரு கோழியையும் அந்த முட்டையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். காலையில் சீக்கிரம் போனால் டாக்டரைப் பார்க்கலாம்.