புது அரங்கில் முதல் ஆட்டம்: சிட்டி ஃபீல்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு

லாஸ் வேகாசில் 'ஏ'ஸ்' அணிக்கு சுமார் 33,000 இருக்கைகளோடு புது பேஸ்பால் அரங்கம் கட்டுகிறார்கள், 2028-ல் திறப்பதாகத் திட்டம். முதல் ஆட்டத்துக்குப் போக ஆசைப்படும் நண்பர்கள் என்னைத் துளைக்கிறார்கள். காரணம், 2009 ஏப்ரல் 13 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் சிட்டி ஃபீல்ட் திறந்த இரவில் மேல்தட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

முதல் ஆட்டம் என்றால் நிஜமாகவே முதலா? (டாலஸ்)

இல்லை. மார்ச் 29-லேயே செயின்ட் ஜான்ஸ், ஜார்ஜ்டவுன் கல்லூரி அணிகள் அங்கே ஆடிவிட்டன. ஏப்ரல் 3, 4 தேதிகளில் பாஸ்டன் ரெட் சாக்ஸோடு பயிற்சி ஆட்டம். ஆனால் கணக்கில் சேராத ஆட்டத்தை யாரும் முதல் ஆட்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை. கட்டடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பயிற்சி ஆட்டங்களே மேல் என்பேன்.

அண்ணா, அன்று மெட்ஸ் ஜெயித்ததா? (எடிசன்)

அதை ஏன் கேட்கிறீர்கள். மெட்ஸின் பழைய நட்சத்திரங்களான டாம் சீவர் முதல் பந்தைச் சடங்காக வீச, மைக் பியாஸா பிடித்தார். கூட்டம் உருகிப்போனது. அப்புறம் நிஜ ஆட்டம். சான் டியேகோ பாட்ரேஸின் முதல் பேட்ஸ்மேன் ஜோடி கெரட், எடுத்த எடுப்பில் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்து வேலிக்கு வெளியே! ஒரு புது அரங்கை முதல் பேட்ஸ்மேனே ஹோம் ரன்னோடு திறந்துவைத்தது பெரிய லீக் வரலாற்றில் அதுவே முதல் தடவை. நாற்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் இழவு வீடு மாதிரி ஒரு அமைதி. அப்புறம் நம் பிட்சர் (பந்து வீசுபவர்) மைக் பெல்ஃப்ரி பந்து வீசப்போய், வீசும் மேட்டிலேயே இடறி விழுந்தார். நடுவில் ஒரு பூனை வேறு மைதானத்தில் ஓடியது. சகுனம் பார்க்கிறவர்கள் அப்போதே கிளம்பியிருக்கலாம். நம் டேவிட் ரைட் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 5-5 ஆக்கியபோது மேல்தட்டு அதிர்ந்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு 'பாக்', 6-5 என்று தோற்றோம். அந்த சீசனே 70 வெற்றி, 92 தோல்வி.

'பாக்' என்றால்? கிரிக்கெட் மட்டும் தெரிந்தவன் கேட்கிறேன். (சென்னை)

பேஸில், அதாவது ரன் எடுக்க ஓட்டக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போக வேண்டிய இடங்களில், ஆள் நிற்கும்போது பிட்சர் பந்து வீசத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தக்கூடாது. ஓட்டக்காரரை ஏமாற்றும் வேலை அது. நிறுத்தினால் நிற்கிற எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறலாம். அன்று எதிரணி ஆள் மூன்றாவது பேஸில் இருந்தார். நம் பிட்சர் பெட்ரோ ஃபெலிசியானோ 'பாக்' செய்ய, அவர் நடந்தே வந்து ரன் எடுத்தார். யாரும் மட்டையைத் தொடாமலே ஆட்டம் போனது.

எந்த இருக்கை வாங்கலாம்? (ஹூஸ்டன்)

புது அரங்கில் இருக்கைப் படத்தை நம்பாதீர்கள், அங்கே இன்னும் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. சிட்டி ஃபீல்டிலும் மேல்தட்டிலிருந்து மைதானத்தின் மூலை தெரியவில்லை என்று அந்த வருடம் பத்திரிகைகளில் புகார் வந்தது. ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்ஸ்மேன் நின்று அடிக்கும் இடத்துக்குப் பின்புறம் என்றால் உயரமாக இருந்தாலும் பரவாயில்லை.

சாப்பாடு? (குவீன்ஸ்)

குவீன்ஸில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! ஏழாம் நம்பர் ரயிலில் அரங்கத்துக்கு அடுத்த நிறுத்தம் ஃபிளஷிங். அங்கே பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை. அன்று சித்திரைப் பிறப்புக்கு முந்தைய நாள் வேறு. இங்கே மாலை ஏழு மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கும்போது ஊரில் விடிகாலை நாலரை தாண்டியிருந்தது. அம்மா கனி பார்க்க எழுந்திருப்பார். நான் நெய் ரோஸ்ட்டை முடித்துவிட்டுக் கெரட்டின் ஹோம் ரன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஷே ஸ்டேடியத்தின் அடையாளம் ஏதாவது மிச்சமா? (டொராண்டோ)

1964 முதல் 2008 வரை மெட்ஸ் ஆடிய அந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். ஹோம் பிளேட், பேஸ்கள் இருந்த இடங்களில் தரையில் பதித்த அடையாளங்கள் உண்டு. மெட்ஸ் ஹோம் ரன் அடித்தால் எழும்பும் பழைய ராட்சத ஆப்பிள் பொம்மையும் வாசலில் நிற்கிறது. சிட்டி ஃபீல்டின் முகப்பு மண்டபமோ, பெரிய லீக்கில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பெயரில். உள்ளே நீல நிறத்தில் ஆளுயரத்தை மிஞ்சும் 42, அவருடைய சட்டை எண். ராபின்சனுக்கு எத்தனை மரியாதை செய்தாலும் தகும். ஆனால் அவர் ஆடியது புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு. முதல் வருடம் 'நம்ம வீட்டில் நம்ம படம் எங்கே?' என்று மெட்ஸ் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான். 2010-ல் மெட்ஸ் அருங்காட்சியகம் வந்தபிறகு சரி என்று விட்டுவிட்டோம்.

ஞாபகார்த்தமாக எதை வாங்கலாம்? (சிங்கப்பூர்)

தொப்பி, சட்டையெல்லாம் அடுத்த வாரமும் கிடைக்கும். ஸ்கோர் அட்டை வாங்கிக் கையால் நிரப்புங்கள். பேனா வேண்டாம், குளிரில் மக்கர் செய்யும். பென்சில் போதும். ஹோம் ரன் என்றால் கட்டத்துக்குள் இருக்கும் சாய்சதுரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்ப வேண்டும். என் அட்டையில் இடது மேல் மூலை, முதல் கட்டமே கறுப்பு. கோபத்தில் அழுத்தியதில் காகிதம் லேசாகக் கிழிந்திருக்கிறது.