மேட்டில் இழுக்காத ஹைலக்ஸ்: பம்பைக் கழற்றும் முன்

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "ஐயா, என்னிடம் 2002 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 கேஇசட்-டிஇ, ஃபோர் வீல் டிரைவ் பக்கி (பின்னால் லோடு தட்டு உள்ள பிக்கப்) இருக்கிறது. டர்பனைச் சுற்றி ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போகும்போதுதான் தொல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற மேட்டில் ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிறது. ஓரங்கட்டி அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. வான் ரீனன் கணவாயில் மறுபடியும் அதே கதை. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. எஞ்சின் விளக்கு எரியவில்லை. பின்னால் காரில் வந்த மச்சான், புகை எதுவும் வரவில்லை என்கிறார். டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றித்தான் ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். டீசலைத் தோட்டத்தில் டிரம்மில் வைத்துத்தான் ஊற்றுகிறேன். என்ன செய்யலாம்?"

இப்போதைக்குப் பம்பைத் தொட வேண்டாம், தம்பி. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பம்ப் மேல் எனக்குச் சந்தேகமே குறைவு. உங்கள் மச்சான் பார்த்துச் சொன்னது பெரிய துப்பு.

டீசல் எஞ்சின் இழுக்காமல் போகும் நேரத்தில் பின்னால் கரும்புகை தள்ளினால், டீசல் வருகிறது, காற்று போதவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ ஓஸ் கிழிந்திருக்கலாம். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எரிய வேண்டிய டீசலே போய்ச் சேரவில்லை. ஒன்று வழியில் தடை, இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் டீசலை வேண்டுமென்றே குறைக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டிக்கு டீசல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். டேங்கில் மின்சார பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கும் பம்பே சேஸிஸ் ஓரமாக வரும் பைப் வழியாக டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். கீழே குனிந்து பார்த்துவிட்டு "லீக் எதுவும் இல்லை, லைன் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பார்வைக்கு மதிப்பில்லை.

அப்புறம் அந்தப் பத்து நிமிடம். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சல்லடை உண்டு. மேட்டில் எஞ்சின் அதிகமாக டீசல் கேட்கும்போது அடியில் கிடக்கும் கசடு அந்தச் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். அணைத்தால் உறிஞ்சுவது நிற்கிறது, கசடு மெதுவாக உதிர்கிறது, வண்டி மறுபடி ஓடுகிறது. ஊருக்குள் தேவை குறைவு, பாதி அடைத்த சல்லடையே போதும். நீங்கள் ஃபில்டர் மாற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம், அடைப்பு ஃபில்டருக்கு முன்னாலேயே இருப்பதுதான்.

கசடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் டிரம்மைத்தான் காட்டுவேன். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டிரம் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்சுவரில் வியர்த்து, தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கையில் தொட்டால் வழுவழுக்கும் கரும்பழுப்புக் கூழாகிவிடும். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ கரும்பிசிறோ தங்கினால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. கந்தகம் 50 பிபிஎம் உள்ள டீசல் ஊற்றுவதா 500 பிபிஎம் ஊற்றுவதா என்ற வாதத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை.

சரி, அடுத்த முறை மேட்டில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். டவுன் ஹில்லில் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். நன்றாக ஒதுங்கி, ஹசார்டு விளக்கு போட்டு, முக்கோணம் வைத்த பிறகுதான் எதையும் செய்ய வேண்டும். சாவியை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி ஸ்டார்ட் செய்து கிளம்புங்கள். உடனே முழு இழுவையும் வந்தால் கம்ப்யூட்டரோ சென்சாரோதான். சாவி அணைந்ததும் அது தன் கட்டுப்பாட்டை விட்டுவிடும். வரவில்லையென்றால் நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி இழுத்தால், டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. எளிதாகச் சரியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் பானட்டைத் திறந்து ஃபில்டர் மேல் இருக்கும் கைப் பம்பை அமுக்குங்கள். அமுக்கியது உடனே மேலே எழும்பாமல் மெதுவாக வந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் இருந்து, பலமுறை அடித்த பிறகே இறுகினால் காற்று எடுக்கிறது.

வீட்டில் செய்ய நல்ல சோதனை, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் ஓஸ் போடுவது. எஞ்சினை ஓடவிட்டு, ரேஸ் பண்ணிப் பாருங்கள். முதல் சில நிமிடம் வரும் குமிழ்கள் நீங்கள் கழற்றி மாட்டியபோது போன காற்று, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதன் பிறகும் குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் ஓஸும் கிளிப்பும்தான் குற்றவாளிகள். டேங்கின் தலையில் இருக்கும் குட்டி ரப்பர் ஓஸ்களை முதலில் பாருங்கள், இருபது வருடம் ஆனால் அவை பிஸ்கட் போல நொறுங்கும். சோதனை முடிந்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள், டீசலில் ஊறினால் அது இறுகி வெடிக்கும்.

இதெல்லாம் பார்த்தும் தெளிவில்லையென்றால் கடைசித் தீர்ப்புக்கு ஒரு வழி இருக்கிறது. பின்னால் லோடு தட்டில் சுத்தமான டீசல் கேனை இறுக்கிக் கட்டி, புது ஓஸை எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கீழே கொண்டுவந்து ஃபில்டருக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனில் விடுங்கள், இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகி உங்களைக் குழப்பும். தீயணைப்பான் ஒன்று கையில் இருக்கட்டும். இப்படி அதே மேட்டில் அதே சுமையோடு ஏறும்போது கோளாறு வராவிட்டால், பம்ப் நிரபராதி. பல ஆயிரம் ராண்ட் செலவுக்கு முன் இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக் சம்மதிக்க மறுத்தால், வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்தால் வேறு மாதிரி தெரியும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. சூடான டீசல் நீர்த்து உள்ளே கசிவதால் எஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்தால் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டி சூட்டிலேயே மறுபடி கிளம்புகிறது.

கம்ப்யூட்டர் பக்கம் என்று தெரிந்தால், பானட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். எஞ்சின் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே கோளாறைச் சொல்லும் கோட். மச்சான் சரியாகப் பார்க்காமல் கரும்புகை உண்டு என்று தெரியவந்தால், ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கரும்புத் தோட்டம் எரிக்கும் பருவத்தில் டொங்காட்டில் சாம்பல் எப்படிப் பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்ததுதான். ஆனால் உயரத்தால் குறையும் இழுவை பத்து நிமிடம் நிறுத்தினால் திரும்பாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெப்பமானி முள் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். இந்த எஞ்சின் சூட்டைப் பொறுக்காது, ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது.

அடைப்பு என்று உறுதியானால் டேங்கை இறக்கிக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, ரப்பர் ஓஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டீசலில் கலக்கும் கிருமிக்கொல்லியை டேங்க் கழுவிய பிறகு ஊற்றுங்கள், முன்னதாக ஊற்றினால் செத்த கூழெல்லாம் ஒரேயடியாக ஃபில்டருக்கு வரும். டிரம்மை நிழலில், முடிந்தவரை நிறைத்து வையுங்கள். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் ஒரு கையகலம் மேலே நிற்கட்டும். விலை குறைவு என்று பாரஃபின் கலந்த டீசல் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதற்கு வழவழப்பு போதாது, அப்போது நிஜமாகவே பம்ப் போய்விடும். கழுவிய பிறகும் மிச்சக் கசடு கொஞ்ச நாள் வரும். அடுத்த ஜோகன்னஸ்பர்க் பயணத்தில் புது ஃபில்டர் ஒன்றும் அதைக் கழற்றும் பட்டையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.