கோரோ ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தால் முதுகலைப் பட்டம் கிடைக்குமா?

கிடைக்காது. 1942-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட அமைப்பு கோரோ. அதன் ஃபெல்லோஷிப், பட்டம் முடித்தவர்களுக்கான ஒன்பது மாத முழுநேரப் பொதுவாழ்வுப் பயிற்சி. அரசு அலுவலகம், தொழிற்சங்கம், தனியார் நிறுவனம், தொண்டு அமைப்பு, தேர்தல் பிரசாரம் என்று சில வாரங்களுக்கு ஓர் இடமாக மாற்றி மாற்றி வேலைக்கு அனுப்புவார்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும் ஒரே தீர்மானம், நகர அதிகாரியின் மேசையில் பட்ஜெட் கணக்காகத் தெரியும். தொழிற்சங்கக் கூட்டத்தில் வீட்டு வாடகையாகத் தெரியும். இரண்டு இடத்திலும் உட்கார்ந்து கேட்கிற வாய்ப்பு எந்தப் பாடத்திட்டத்திலும் அவ்வளவு லேசில் அமையாது. (மறைந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனும் 1950-களில் இதில் பயிற்சி பெற்றவர்தான்.) ஆனால் ஒரே துறையில் ஆழமாக இறங்க நினைப்பவருக்குப் பொதுக் கொள்கை முதுகலைதான் தோது, எந்தப் பக்கம் போவதென்று இன்னும் முடிவெடுக்காதவர் தாராளமாக இதற்கு விண்ணப்பிக்கலாம்.