12 சானல் மிக்ஸர் வாங்கினால் 12 டிராக் கிடைக்குமா?

கேள்வி: மாடியில் 10-க்கு 12 அடி அறை ஒன்றைப் பதிவுக்காக ஒதுக்கியிருக்கிறேன். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், சில நாள் கஞ்சிரா என்று எல்லோரும் சேர்ந்து வாசிப்பதை லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் தனி டிராக்காக, அதாவது தனி ஒலிப்பதிவாக வைத்துச் சரிசெய்ய வேண்டும். கடையில் 12 சானல் யூ.எஸ்.பி மிக்ஸர் ஒன்றைக் காட்டுகிறார்கள். போதுமா?

பதில்: முகப்பில் எத்தனை சானல் என்பதை விடுங்கள். யூ.எஸ்.பி வயர் வழியாக லேப்டாப்புக்கு எத்தனை போகிறது என்று கேளுங்கள். குறைந்த விலை மிக்ஸர்களில் பெரும்பாலானவை எல்லா மைக்கையும் உள்ளேயே கலந்து, இடது வலது என்று இரண்டே சானலாக அனுப்புபவை. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்ஸர். சின்ன மேடைக்கும் நேரலைக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் 10 சானல் உள்ள அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது 2 சானல்தான். அப்படிப் பதிவான கீர்த்தனையில் வயலின் அமுங்கிவிட்டால் அதை மட்டும் தூக்க வழியில்லை. அரைத்த மாவிலிருந்து உளுந்தைப் பிரிக்க முடியுமா? மிக்ஸரில் ரிவர்ப் (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) போட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே பதிந்திருக்கும், பிறகு எடுக்க வராது.

இதைக் கடையிலேயே தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. மேனுவலின் கடைசிப் பக்கங்களில், ஒலி எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் பிளாக் டயகிராம் இருக்கும். அதில் யூ.எஸ்.பி என்று எழுதிய கட்டத்திலிருந்து கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். கோடு மெயின் ஸ்டீரியோ பஸ்ஸில், அதாவது எல்லா மைக்கும் கலந்து சேரும் இடத்தில், போய் முட்டினால் அது இரண்டு சானல் மிக்ஸர். ஒவ்வொரு மைக் ப்ரீஆம்புக்குப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) பின்னாலும் ஒரு கோடு பிரிந்து யூ.எஸ்.பி 1, 2, 3 என்று தனித்தனியே போனால் உங்களுக்கு வேண்டியது அதுதான். இன்னொரு வழி, லேப்டாப்பையே கொண்டுபோய், தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரை (கருவியின் எல்லா சானல்களையும் பதிவு மென்பொருளுக்குக் காட்டும் விண்டோஸ் டிரைவர்) ஏற்றி, பதிவு மென்பொருளில் இன்புட் பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்ப்பது. அந்த டிரைவர் இல்லாமல் விண்டோஸில் பார்த்தால் பல சானல் கருவிகூட இரண்டாகவே தெரியலாம்.

உங்கள் கச்சேரிக்கு எத்தனை வேண்டும்? பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் 2, கஞ்சிராவுக்கு 1, எலெக்ட்ரானிக் தம்புராவின் லைன் அவுட்டுக்கு 1. ஆக 6. மைக் ப்ரீஆம்ப் 8 உள்ளதாக வாங்கினால் கடம் வந்தாலும் சமாளிக்கலாம். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே, டாஸ்காம் மாடல் 12 ஆகியவை சானல்களைத் தனித்தனியாக அனுப்பும் மிக்ஸர்கள். டாஸ்காமில் எஸ்டி கார்டிலும் பதியலாம் என்பதால் லேப்டாப் நடுவில் நின்றாலும் வாசித்தது போகாது.

ஆனால் உங்களுக்கு மிக்ஸரே தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். ஒலியைச் சரிசெய்வது முழுக்க மென்பொருளில்தான் என்றால், 8 மைக் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கலக்காமல் அப்படியே லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி) போதும். அதே பணத்தில் இன்னொரு நல்ல மைக் வாங்க மிச்சமிருக்கும் என்பதால் எங்கள் ஓட்டு அதற்கே. அங்கேயும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-இல் 18 இன்புட் என்றால் 18 மைக் அல்ல: மைக் இன்புட் 8, மீதி டிஜிட்டல். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் நகர்த்தியே பழகியவர்களுக்கும், பதிவோடு நேரலையும் செய்பவர்களுக்கும்தான் மிக்ஸர் உண்மையில் பயன்படும்.

எதை வாங்கினாலும் 10-க்கு 12 அறையில் ஒரு மைக்கின் ஒலி இன்னொன்றில் கசியும். வயலின் ஃபேடரை ஏற்றினால் மிருதங்கமும் கொஞ்சம் ஏறும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள இடைவெளியைப் போல மூன்று மடங்காவது மைக்குக்கும் மைக்குக்கும் இருக்கட்டும்: வயலினுக்கு 1 அடியில் மைக் வைத்தால் பக்கத்து மைக் 3 அடிக்கு அப்பால். தம்புராவை ஸ்பீக்கரில் ஒலிக்கவே விடாதீர்கள். அது எல்லா மைக்கிலும் ஏறிவிட்டால், பிசகிய சங்கதியை வெட்டி வேறு டேக்கை ஒட்டும் இடத்தில் ஸ்ருதி குதிப்பது அப்பட்டமாகக் கேட்கும். ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள். அதற்கு 4 அவுட்புட் உள்ள ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வேண்டும். பட்ஜெட்டில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பாடுபவருக்கு உறுத்தினால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளட்டும்.

கெயின் (ப்ரீஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவு) வைக்கும்போது மிருதங்கக்காரரைச் சும்மா தட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கிற வேகத்தில், முழு பலத்தோடு சாப்பு போடச் சொல்லுங்கள். உச்சம் மென்பொருள் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்க வேண்டும். மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. ஒலி கிழிவது ப்ரீஆம்பில் என்பதால் பிறகு ஃபேடரை இறக்கி எந்தப் பயனும் இல்லை. 24-பிட்டில் பதிந்தால் அளவு குறைவாக இருப்பதால் இரைச்சல் வந்துவிடாது, தைரியமாகக் குறைத்தே வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட்டில் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 8 டிராக், ஒரு மணி நேரம் என்றால் 4 ஜிபிக்குச் சற்று மேல்.

கண்டென்சர் மைக்குகளுக்கு கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவருக்குச் சின்ன மிக்ஸர்களில் பெரும்பாலும் எல்லா சானலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். சாதாரண டைனமிக் மைக்கை நல்ல எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் செருகியிருந்தால் பயமில்லை. தம்புராப் பெட்டியை மட்டும் அடாப்டர் பின் போட்டு மைக் சாக்கெட்டில் செருகாதீர்கள். 48 வோல்ட் அதற்குள் போனால் கெட்டுவிடலாம். லைன் இன்புட்டில் கொடுங்கள்.

இரண்டு சானல் மிக்ஸரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் அதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். பாட்டு மைக்கின் பேன் குமிழை (ஒலியை இடது, வலது பக்கம் நகர்த்துவது) முழுக்க இடதுபக்கம், வாத்தியங்களின் குமிழ்களை முழுக்க வலதுபக்கம் திருப்பிப் பதியுங்கள். மென்பொருளில் அந்த ஸ்டீரியோ ஃபைலை இரண்டு மோனோவாகப் பிரித்தால் குரல் தனியாகவும் வாத்தியம் தனியாகவும் கிடைக்கும். அப்போது லேப்டாப்பிலிருந்து திரும்பி வரும் ஒலியை மெயின் மிக்ஸுக்கு அனுப்பாமல் ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பதிந்தது மறுபடி உள்ளே போய் எதிரொலியாகச் சுற்றும்.

கடைசியாக மின்சாரம். 'ம்ம்' என்று இரைந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்திருப்பது. பதிவு முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சலுக்காக மிக்ஸர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது, ஷாக் அடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் கரண்ட் போன நேரத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள்; அந்த இரைச்சல் எல்லா டிராக்கிலும் ஏறிவிடும்.