கோத்தகிரியில் தேயிலையை எடுத்துவிட்டுத் திராட்சை நட்டால், சொந்தத் தோட்டத்துச் சிவப்பு ஒயின் தயாரிக்க முடியுமா?

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கே போதாத நிலையில், பாட்டன் காலத்துச் செடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு எதையாவது நட்டால் என்ன என்று வீட்டில் பேச்சு எழுந்த பிறகே இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் பதில், பிடுங்க வேண்டாம் என்பதுதான். குன்னூர்ப் பக்கத்துக்காரனான நான் நாசிக் அருகே ஓர் ஒயின் ஆலையில், தொட்டிகளும் பீப்பாய்களும் இருக்கும் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஊருக்கு வரும்போதெல்லாம், "இதற்குப் போய் வடக்கே போக வேண்டுமா, நம் ஊர் சாக்லேட் கடையிலேயே வீட்டு ஒயின் கிடைக்கிறதே" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "சாராயக் கம்பெனி மாப்பிள்ளை" என்று ஒரு பெரியவர் சொன்னதையும் நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் வைக்கும் ஒயினை இழிவாகப் பேசுகிறேன் என்று எவரும் சண்டைக்கு வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வைப்பதை நானும் கேட்டு வாங்கிக் குடிப்பவன். ஆனால் அதில் திராட்சை கீழே சமவெளியிலிருந்து வந்த பன்னீர் திராட்சை. அதனுடன் தாராளமாகச் சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. அதில் போதையின் பெரும்பங்கு மளிகைக் கடைச் சர்க்கரையிலிருந்து வருகிறது. தோட்டத்துச் சிவப்பு ஒயினுக்கு அந்த வழி கிடையாது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 13 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்கு 220 கிராம் அளவுக்குக் கொடியே இனிப்பைச் சேர்த்திருக்க வேண்டும். அதாவது சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 23, 24 வரை ஏற வேண்டும். அதை ஏற்றுவது வெயில் ஒன்றே.

நாசிக்கில் அந்த வெயிலைக் கணக்கிட்டே ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி உறங்கிவிடும். நம் நாட்டில் அது உறங்குவதே இல்லை என்பதால் ஏப்ரலில் ஒரு கவாத்தும், மழை ஓயும் செப்டம்பர் அக்டோபரில் காய்ப்புக்காக இன்னொரு கவாத்தும் செய்து ஒரே ஒரு மகசூல் எடுக்கிறார்கள். இரண்டாம் கவாத்து முடிந்தவுடன், மொட்டுகள் ஒரே சமயத்தில் வெடிப்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுவார்கள். (அதைக் கையாண்டவர் உடனே மது அருந்தினால் உடல் மோசமாகப் பாதிக்கப்படும், ஒயின் தோட்டத்திலேயே குடிக்கக் கூடாத நாட்கள் உண்டு என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.) அதன் பிறகு மழையில்லாத மாதங்களில் பூத்துக் காய்த்து, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் அறுவடை நடக்கும். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை நன்றாக விளைவதும் இதே வறண்ட மாதங்களின் தயவால்தான்.

கோத்தகிரிக்கு வருவோம். நமக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. நாசிக்காரரைப் போல அக்டோபரில் கவாத்துச் செய்தால் பூக்கும் பருவம் மழையிலும் மூடுபனியிலும் சிக்கும். டிசம்பருக்குத் தள்ளினால் குளிரில் தளிர் மெல்ல வந்து, பழுக்கும் நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். என் சித்தப்பா பிடிவாதமாகத் தம் வீட்டுச் சரிவில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் ஒட்டுக்கன்றுகளை வரிசையாக நட்டார்; கம்பி கட்டிக் கொடுத்தவன் நான். கொடி பார்க்க மிக அழகாக, அளவுக்கு மீறிய இலையோடு வளர்ந்தது. அடிச்சாம்பல் நோய் வந்தது. கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கு அடிக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே போர்டோக் கலவையை அடித்தோம். அந்தக் கலவை 1880களில் பிரான்சின் போர்டோவில் திராட்சைக்காகவே உருவானது என்றாலும், தினமும் இலையை நனைக்கும் மூடுபனிக்கு முன் அதனால் அதிகம் செய்ய முடியவில்லை. எஞ்சிய குலைகளின் சாற்றை, இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்த்தபோது பிரிக்ஸ் 16ஐத் தாண்டவில்லை. வாயில் போட்டால் புளிப்புப் பல்லைக் கூசச் செய்தது. சூடு குறைந்த இடத்தில் பழத்திலுள்ள மாலிக் அமிலம் குறையாமல் நின்றுவிடுகிறது. கடைசிக் குலைகளைக் கரடி தின்றுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

மண்ணும் ஒத்துவராது. தேயிலைக்குப் பிடித்த pH 4.5 முதல் 5.5 வரையிலான அமிலத்தன்மையில் திராட்சையின் வேர் தடுமாறும். அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் கல்தூளைப் போட்டுச் சரிசெய்யலாம். நம் சரிவில் ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்துக்கொண்டு போவதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஆலைக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று சிலர் எழுதுவார்கள். கறுப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதுதான். நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. அதனால்தான் பழத்தை நசுக்கித் தோலோடு, 25 முதல் 30 பாகை வெப்பத்தில், ஒரு வாரத்துக்கு மேல் நொதிக்க விடுகிறோம். மேலே மிதந்து திரளும் தோலை நாளுக்கு இருமுறை மூன்றுமுறை அமுக்கி நனைக்காவிட்டால் அது காய்ந்து காடியாகத் தொடங்கும். பிறகு பிழிந்து, மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் வரை காத்திருந்து, 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டு அளவுக்கு வைத்து, வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் மாற்றி, சிறிதளவு கந்தக டையாக்சைடு சேர்த்துப் புட்டியில் அடைக்கிறோம். ஒரு பீப்பாய்க்கு 300 புட்டி. இத்தனை படிகளிலும் நான் செய்தது, பழத்தில் இருந்ததை இழக்காமல் காப்பாற்றியது மட்டுமே. பழுக்காத தோலிலிருந்து வருவது பச்சைக் கசப்புதான். அதைப் பீப்பாயில் எத்தனை மாதம் வைத்தாலும் அது போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், மலையை விட்டு இறங்கி, மழை மறைவான சமவெளி நிலத்தைப் பாருங்கள். அங்கும் நட்ட மூன்றாம் ஆண்டில்தான் உருப்படியான குலை வரும். பீப்பாய்க் காலத்தையும் சேர்த்தால் முதல் புட்டிக்கு ஐந்து ஆண்டுகள் ஆகிவிடும். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றித் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். நாசிக்கில் போலத் தோட்டத்து வாசலிலேயே சுற்றுலாப் பயணிக்கு ஊற்றிக் கொடுத்து விற்கலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். இங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. எனவே கன்று வாங்குவதற்கு முன் உரிமம் பற்றி விசாரித்துவிடுங்கள். அதுவரை தேயிலைக்குக் கவாத்துச் செய்து வையுங்கள்.