அருவி உண்டு, குளியல் கிடையாது: பெற்றோருடன் கிரேட் ஃபால்ஸில் ஒரு நாள்

கேள்வி: நாங்கள் வர்ஜீனியாவில், ஹெர்ண்டனில் இருக்கிறோம். தென்காசியிலிருந்து அப்பாவும் (68) அம்மாவும் (63) வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். எங்களுக்கு 11 வயதில் மகன், 6 வயதில் மகள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிரேட் ஃபால்ஸ் பூங்காவுக்குப் போய் நாள் முழுக்க ஹைக்கிங் செய்யலாம் என்று ஆசை. எந்தப் பாதை எங்களுக்குச் சரியாக வரும்? தண்ணீரில் இறங்க இடம் இருக்கிறதா? அதே நாளில் ஆற்றின் எதிர்க்கரையில் மேரிலாந்து பக்கமும் பார்த்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறங்கக் கூடாது. குளிக்க மட்டுமல்ல, காலை நனைக்கவும் கூடாது. அங்கே அது சட்டப்படியே தடை.

இதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே, அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அருவி என்றால் குளியல்தான். தென்காசிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். என் மாமனார் அம்பாசமுத்திரத்துக்காரர். முதல் தடவை அவரைக் கிரேட் ஃபால்ஸுக்குக் கூட்டிப் போனபோது தோளில் துண்டோடு காரிலிருந்து இறங்கினார். "குளிக்க எங்கே இறங்கணும், மாப்பிள்ளை?" என்றார். நான் பதில் சொல்லாமல் பார்வை மேடைக்குக் கூட்டிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

குற்றாலத்தில் மலையிலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் போய் நிற்கிறோம். இங்கே போட்டோமேக் ஆறே முழுசாக இறங்குகிறது. கிட்டத்தட்ட 1,000 அடி அகலத்தில் பரந்து வரும் ஆறு, ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 76 அடி இறங்கி, மேத்தர் கார்ஜ் என்ற பாறை இடுக்கில் 60 முதல் 100 அடி அகலத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. அத்தனை தண்ணீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அகலம் குறைந்தால் ஆழமும் வேகமும் கூடும். மேலிருந்து பார்த்தால் சில இடங்களில் தெப்பக்குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். அடியில் சுழல், குடைந்த பாறை, கீழே இழுக்கும் நீரோட்டம். இங்கே உயிரிழந்தவர்களில் பலர் நீந்தப் போனவர்கள் இல்லை. கரையில் பாறை மேல் நின்றவர்கள், வழுக்கி விழுந்தவர்கள். அதனால் "தண்ணிக்குப் பக்கத்துல போய் ஒரு போட்டோ" என்று யார் சொன்னாலும், அது நீங்களாகவே இருந்தாலும், வேண்டாம்.

சரி, இனி நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

அக்டோபர் சனிக்கிழமை என்றால் இலை நிறம் மாறும் பருவம். வாஷிங்டனைச் சுற்றியிருக்கும் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். பூங்கா காலை 7 மணிக்குத் திறக்கும். பதினொரு மணிவாக்கில் பார்க்கிங் நிரம்பிவிடும். அதற்கப்புறம் ஒரு வண்டி வெளியே போனால்தான் ஒரு வண்டி உள்ளே. வரிசை ஓல்டு டொமினியன் சாலையில் நீளும். ஒரு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருப்பது சாதாரணம். முழங்கால் வலி உள்ளவருக்கு நடப்பதைவிட அதுதான் கொடுமை. ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி எட்டு, எட்டேகாலுக்குள் உள்ளே நுழைந்துவிடுங்கள். அதற்கு முடியாது என்றால் அந்தச் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஒரு வார நாள் லீவு போடுங்கள் என்பேன். நுழைவுக் கட்டணம் வண்டிக் கணக்கு. அட்டை வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கத்தை நம்பிப் போக வேண்டாம்.

கிளம்பும் முன் காலையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பூங்காவின் இணையதளத்தில் பாதை மூடல் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று. இன்னொன்று ஆற்றின் அளவு. தேசிய வானிலைச் சேவை, லிட்டில் ஃபால்ஸ் என்ற இடத்தில் அளக்கும் நீர்மட்டத்தைப் போடுகிறது. அங்கே 10 அடி வந்தால் வெள்ள நிலை என்று கணக்கு. உங்கள் வீட்டில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த ஆறு மேற்கு வர்ஜீனியா மலைகளிலிருந்து வருகிறது. அங்கே பெய்த மழை ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் இங்கே வந்து சேரும். தண்ணீர் கூடினால் அருவி இன்னும் அழகாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பெருவெள்ளத்தில் நடப்பது நேர்மாறு: பாறைகள் மூழ்கி, அருவியின் படிகளே மறைந்து, ஒரே காவி நிறக் கொந்தளிப்பாகிவிடும். மழை குறைந்த அக்டோபரில் தண்ணீர் பொதுவாக மட்டாக இருக்கும், ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம்.

உள்ளே போனதும் கழிப்பறை வேலையை முடித்துக்கொண்டு நேராகப் பார்வை மேடைகளுக்கு. மூன்று இருக்கின்றன, எல்லாம் பார்க்கிங்கிலிருந்து சில நிமிட நடைதான். இரண்டாவதும் மூன்றாவதும் சக்கர நாற்காலியே போகும்படி அமைத்தவை. அப்பாவுக்கு அந்த இரண்டு போதும். முதலாவது அருவிக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் அங்கே போகக் கரடுமுரடான பாறை மேல் கால் வைக்க வேண்டும். காலைப் பனியில் அந்தக் கல் ஈரமாக இருக்கும். அம்மாவும் பிள்ளைகளும் போகட்டும், அப்பா வேண்டாம்.

மேடைகளுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நிற்கும். அதில் 1936, 1942, 1972 என்று வெள்ளம் ஏறிய ஆண்டுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1936தான் எல்லாவற்றுக்கும் உச்சியில். நாம் நிற்கும் தரையே ஆற்றுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அண்ணாந்து அந்தக் குறியைப் பாருங்கள். தண்ணீரில் ஏன் இறங்கக் கூடாது என்று உங்கள் மகனுக்கு நீங்கள் பத்துத் தடவை சொல்வதை அந்தக் கம்பம் ஒரே தடவையில் சொல்லிவிடும்.

அடுத்து, அப்பா அம்மாவுக்கு நான் சொல்லும் பாதை பட்டோமேக் கால்வாய்ப் பாதை. மொத்தம் ஒன்றேகால் மைல். முழுதும் நடக்க வேண்டியதில்லை. அகலமான மண் பாதை, பெரும்பாலும் சமதளம். பக்கத்திலேயே வறண்டு கிடக்கும் பழைய கால்வாய் கூட வரும். வெறும் பள்ளம் என்று கடந்து போய்விடாதீர்கள். படகுகள் இந்த அருவியைச் சுற்றிக்கொண்டு போவதற்காக வெட்டிய கால்வாய் இது. 1785-இல் அதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். நாட்டுக்கு ஜனாதிபதியாகும் முன்பே அவர் மனது இந்த ஆற்றில்தான் இருந்தது. வேலை முடிந்து இங்குள்ள மதகுகள் திறந்தது 1802-இல். அவர் 1799-லேயே இறந்துவிட்டார். கால்வாய் 1828 வரை ஓடியது.

படகை 76 அடி எப்படி இறக்கினார்கள் என்று அப்பா நிச்சயம் கேட்பார். மதகு என்றாலும் நம் ஏரி மதகு மாதிரி இல்லை. கல்லால் கட்டிய நீளமான தொட்டி, இரண்டு முனையிலும் மரக்கதவு. படகு உள்ளே வந்ததும் மேல் கதவை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழ்ப்பக்கமாக வடிய விடுவார்கள். படகு தானே இறங்கும். கீழ்மட்டம் வந்ததும் கீழ்க் கதவைத் திறப்பார்கள். அப்படி ஐந்து தொட்டி. முதல் தொட்டியின் சுவரில் சிவப்பு மணற்கல் இன்னும் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் சில கற்களில் கொத்தர்கள் உளியால் செதுக்கிய சின்னச் சின்ன அடையாளங்கள் தெரியும். அவரவர் வேலைக்கு அவரவர் போட்ட குறி. நம் கோயில் மதில்களிலும் இப்படிப் பார்த்திருக்கிறேன். அங்கே நின்றுவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கடைசித் தொட்டிகள் இருக்கும் பகுதியை வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே இறக்கம் இருப்பதால் அப்பா முதல் தொட்டியோடு திரும்பிவிடலாம். போக வர அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், எடுக்கட்டும். வழியில் மடில்டாவில் என்ற ஊரின் சிதைந்த கல் அடித்தளங்களும் உண்டு. ஹென்றி லீ தன் மனைவி பெயரில் உண்டாக்கிய ஊர், கால்வாயோடு அதுவும் போய்விட்டது.

இப்போது உங்கள் மகன். அவனுக்கு ரிவர் டிரெயில். ஒன்றரை மைல், ஆற்றின் மேல் விளிம்பை ஒட்டியே போகும், இந்தப் பூங்காவில் மிக அழகான பாதை இதுதான். பாறை மேல் கைவைத்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு, பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. பெரியவர் ஒருவர் அவனோடு போக வேண்டும், அவன் ஆற்றுப் பக்கம் இல்லாமல் காட்டுப் பக்கமாக நடக்க வேண்டும். மரங்களில் பூசியிருக்கும் வண்ணக் குறியைப் பார்த்துக்கொண்டே போங்கள். குறி தெரியவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த மரத்துக்குத் திரும்புங்கள். பாறை உச்சியில் உருண்டையான குழிகள் இருக்கும், சில உரல் அளவில். ஆறு ஒரு காலத்தில் அந்த உயரத்தில் ஓடியபோது கற்களைச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்த குழிகள் அவை. மழை பெய்திருந்தால் அதில் தண்ணீர் தேங்கி மேலே ஓக் இலை மிதக்கும். கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மியை விட வழவழப்பாக இருக்கும். பாதி தூரம் போய் மேத்தர் கார்ஜைப் பார்த்துவிட்டுக் கால்வாய்ப் பாதை வழியாகத் திரும்பினால் போதும்.

ஆறு வயது மகளை அந்தப் பாதையில் கூட்டிப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களை அங்கே நீங்களே பார்ப்பீர்கள். பார்த்து மனம் மாற வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டே போனாலும் அந்த வயதில் ஒரு அணிலைக் கண்டால் கையை உதறிவிட்டு ஓடும். அவள் தாத்தா பாட்டியோடு கால்வாய்ப் பாதையில் போகட்டும், கூட உங்களில் ஒருவர்.

காலணி பற்றி ஒன்று. அக்டோபரில் பாதை முழுக்க இலை விழுந்து கிடக்கும். அடியில் வேரும் ஓக் கொட்டையும். கொட்டை மேல் கால் வைத்தால் கோலிக்குண்டு மேல் வைத்த மாதிரி உருளும். சில வருஷங்களுக்கு முன் தேய்ந்த அடியுள்ள ஷூவோடு போய், பாறையில்கூட இல்லை, சமதளத்தில் விழுந்து கணுக்கால் பிசகினேன். அரை மைல் திரும்பி நடக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்பா செருப்பில் வருகிறேன் என்றால் விடாதீர்கள். பிடிமானம் உள்ள ஷூ, ஒரு கைத்தடி. காலையில் குளிர் பத்து டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும், தென்காசி உடம்புக்கு அது அதிகம். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா. மதியம் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், அதைப் போட ஒரு பை.

சாப்பாடு கையோடு கொண்டு போங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் போதும், பார்க்கிங் பக்கத்தில் மேசைகள் இருக்கின்றன. பூங்காவில் குப்பைத் தொட்டி கிடையாது. நம் குப்பை நம்மோடு வீட்டுக்கே வர வேண்டும், அதற்கு இரண்டு பெரிய பை. மாத்திரை நேரம் உள்ளவர்களுக்கு மாத்திரை பையில் இருக்க வேண்டும், காரில் இல்லை. பாதையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அதனால் இரண்டு கூட்டமாகப் பிரியும்போதே "பன்னிரண்டரைக்கு மேசையில்" என்று பேசிக்கொள்ளுங்கள்.

அழகான சிவப்பு இலை கண்டால் மகள் பொறுக்குவாள். மூன்று மூன்றாக இலை உள்ள பாய்சன் ஐவி கொடியும் இந்த மாதத்தில் அதே சிவப்புதான். பட்டால் தோல் அரித்துக் கொப்புளம் வரும். மேப்பிள் இலை எது என்று முதலில் காட்டிவிட்டு, கொடியில் இருப்பது எதையும் தொடாதே என்று சொல்லிவையுங்கள். உண்ணியும் இன்னும் இருக்கும் காலம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி அடியில் ஒரு தடவை பாருங்கள்.

கடைசியாக மேரிலாந்து. அதே நாளில் வேண்டாம். வரைபடத்தில் எதிர்க்கரைதானே என்று தோன்றும். அருவிக்குப் பக்கத்தில் பாலம் கிடையாது. வாஷிங்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே நெடுஞ்சாலையில் அமெரிக்கன் லீஜன் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், அதுவும் சனிக்கிழமை மதியப் போக்குவரத்தில். அதற்கென்று தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். அங்கே ஓம்ஸ்டெட் தீவுக்குப் போகும் நடைபாலம் அப்பாவுக்கு நன்றாக ஒத்துவரும். சின்ன நடைதான், ஆற்றின் கிளைகளைக் கடந்து அருவிக்கு எதிரே கொண்டுபோய் விடும். பக்கத்திலேயே 184.5 மைல் நீளமான செசபீக் ஒஹாயோ கால்வாயின் கரைப்பாதை, தரை போலச் சமம். பில்லி கோட் டிரெயில் என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். அதன் முதல் பகுதியில் செங்குத்துப் பாறையில் கையும் காலும் வைத்து ஏற வேண்டும். பெற்றோர் ஊர் திரும்பிய பிறகு நீங்களும் மகனும் மட்டும் போய் வாருங்கள்.